மட்டாஞ்சேரியின் பொதுச் சுவர்கள்

என் அக்காள் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வேல்ஸ் பக்கம் சுற்றுலா போனவன், அங்கே மார்ஃபர்டு என்னும் சிற்றூரில் எடுத்த சில படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். சின்னஞ்சிறு வீடுகள். வளைந்த சுவர்கள். மாதா கோயில் ஜன்னல்போல் மேலே கூராகக் குவிந்து முடியும் ஜன்னல்கள். சில சுவர்களில் சிலுவை வடிவம் பதித்திருந்தது. கூடவே ஒரு குறிப்பு: "மாமா, பழைய கட்டடம், பழைய கட்டடம் என்று எப்போதும் சொல்வீர்களே, இதைப் பாருங்கள். இருநூறு வருஷத்து வீடுகள். இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உங்கள் கேரளாவில் இப்படி ஒரு தெருவைக் காட்ட முடியுமா?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "காட்ட முடியும். என் வீட்டு வாசலில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும்" என்று பதில் எழுதினேன். எழுதிய பிறகுதான், ஐம்பது வருஷத்துக்கு மேல் மட்டாஞ்சேரியில் குடியிருந்தும் அந்தத் தெருவை நான் சரியாகப் பார்த்ததில்லை என்பது உறைத்தது. அன்று மாலையே கிளம்பிப் போனேன். அப்போது கண்டதையும், அதையொட்டி என் சொந்த வீட்டில் நான் பட்ட பாட்டையும் நம் சங்க மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஜமீன்தார் கட்டிய அழகு

முதலில் மார்ஃபர்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அது டிரெவாலின் என்னும் பண்ணைக்கு உட்பட்ட கிராமம். நம் ஊர் ஜமீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பண்ணையைச் சேர்ந்தவர்கள் குடியிருக்க ஒரே சாயலில் இந்த வீடுகள் கட்டப்பட்டன. கூரான வளைவு என்பது ஐரோப்பாவில் மாதா கோயில்களுக்கு உரிய கோதிக் பாணி. 1749 முதல் ஹோரஸ் வால்போல் என்ற பிரபு லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்னும் தன் மாளிகையை அந்தப் பாணியில் கட்டத் தொடங்கினார். பிறகு அது பெரிய மனிதர்களின் மோகமாகி, கடைசியில் குடியானவன் வீட்டு ஜன்னல் வரை இறங்கி வந்தது. சுவரில் உள்ள சிலுவைகள் பேய் அண்டாமல் இருக்க வைத்தவை என்று அந்த ஊரார் சொல்லும் கதை. நாம் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவதில்லையா, அதுபோல.

குடியிருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுக் கட்டிய வீடுகள் அல்ல அவை. நிலத்துக்கு உடையவர் தம் கண்ணுக்கு அழகாக இருக்கக் கட்டினார். ஆனால் அவர் காலம் போய்விட்டது, வீடுகள் நிற்கின்றன. இந்த இடத்தில்தான் எனக்கு மட்டாஞ்சேரி நினைவுக்கு வந்தது. இங்கேயும் நிலம் கொடுத்தவர் ஒருவர், குடியேறியவர்கள் வேறொருவர்.

அரசர் கொடுத்த தெரு

1341 ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால், நம் சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறித் துறைமுகம் தூர்ந்து போனது, கொச்சித் துறைமுகத்தின் வாய் திறந்தது என்பார்கள். அதன்பின் வியாபாரம் கொச்சிக்கு வந்தது. வியாபாரத்தைத் தேடி எல்லாச் சாதிகளும் எல்லா மொழிகளும் வந்தன. கொங்கணிகள், குஜராத்திகள், கட்ச்சி மேமன்கள், யூதர்கள், நாம். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்ததாகச் சொல்வார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்தில், 1976 இல் கட்டித் தந்த தோபிகானாவில் தொழில் செய்கிறார்கள். அங்கே போனால் தமிழ் காதில் விழும்.

போர்ச்சுக்கீசியர்கள் 1555 வாக்கில் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். அருகிலிருந்த ஒரு கோயிலைக் கொள்ளையடித்த பாவத்துக்கு ஈடாக அரசரைச் சமாதானம் செய்யக் கொடுத்தது என்று சொல்வதுண்டு. 1663 இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்தார்கள். பெயரும் டச்சு அரண்மனை என்று ஆகிவிட்டது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். நடுவே முற்றம், முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில், சுற்றிலும் நான்கு கட்டு. அசல் கேரள நாலுகெட்டு. வளைவுகளும் கனத்த சுவர்களும் மட்டும் ஐரோப்பா. பள்ளியறைச் சுவரில் ராமாயணம் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. கறுப்புச் சலவைக்கல்போல் பளபளக்கும் தரையை, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் செடிச் சாறும் முட்டை வெள்ளைக் கருவும் கலந்து போட்டது என்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பூச்சைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் அந்நியமாகப் படாது.

அந்த அரண்மனையை ஒட்டித்தான் அரசர் யூதர்களுக்கு நிலம் கொடுத்தார். கொடுங்கல்லூரில் இருக்க முடியாமல் வந்தவர்களும், ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களும் இங்கே தெரு அமைத்தார்கள். 1568 இல் ஜெப ஆலயம் கட்டினார்கள். 1662 இல் போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கிச் சேதப்படுத்த, டச்சுக்காரர் வந்த பிறகு மறுபடி எழுப்பினார்கள். அதன் பெயர் பரதேசி ஜெப ஆலயம். தமிழில் பரதேசி என்றால் நமக்கு வேறு அர்த்தம் தோன்றும். மலையாளத்தில் அதற்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள். அப்படிப் பார்த்தால் இந்த மலரைப் படிக்கும் நாம் எல்லோருமே பரதேசிகள்தான்!

ஆலயத்துக்கு முன்னால் மணிக்கூண்டு. எசக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகர் 1760 வாக்கில் கட்டியது. ஒரு பக்கத்துக் கடிகாரத்தில் ஹீப்ரு எழுத்து, ஒரு பக்கத்தில் ரோமன், ஒரு பக்கத்தில் மலையாளம். வழிபடுகிறவரும் வியாபாரியும் அரசரின் ஆட்களும் அவரவர் எழுத்தில் மணி பார்க்கலாம். உள்ளே தரையில் சீனாவிலிருந்து வரவழைத்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். கையால் வரைந்தவை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

தெருவைப் பார்த்தேன்

இதெல்லாம் சுற்றுலா வருகிறவர்களும் பார்ப்பதுதான். நான் அன்று பார்க்கப் போனது வீடுகளை.

யூதத் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே சந்து கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நம் பத்திரங்களில் பொதுச் சுவர் என்று எழுதுவோமே, அதுதான். எனக்கு உடனே தாமிரபரணிக் கரையில் எங்கள் பூர்வீக அக்கிரகாரம் ஞாபகம் வந்தது. அங்கேயும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுவரோடு சுவர். ஆனால் ஒரு வித்தியாசம். நம் தெருவில் திண்ணை உண்டு. இங்கே திண்ணை இல்லை, வாசற்படி இறங்கினால் தெரு. பெரும்பாலும் இரண்டு மாடி. மேல்மாடி ஜன்னல்கள் தெருவைப் பார்த்து வரிசையாக நிற்கும். திண்ணையில் உட்கார்ந்து நாம் அடித்த அரட்டையை அவர்கள் மாடி ஜன்னலில் நின்று அடித்திருப்பார்கள்.

சில ஜன்னல் கம்பிகளில் ஆறு முனை நட்சத்திரம் இருக்கிறது. தாவீதின் நட்சத்திரம். யூத வீட்டு வாசல் நிலையின் வலது பக்கத்தில் வேத வாசகம் எழுதிய சுருளை ஒரு சிறு பேழையில் வைத்துச் சற்றே சாய்வாகப் பொருத்துவது வழக்கம். மார்ஃபர்டுக்காரர் சிலுவை பதித்தார், இவர்கள் வேதச் சுருளை வைத்தார்கள், நாம் மாவிலை கட்டுகிறோம். வாசலில் காவல் வைக்காத மனிதன் எந்த நாட்டிலும் இல்லை போலும்.

சுவர் முழங்கை நீளத்துக்கு மேல் கனம். உள்ளே இருப்பது வெட்டுகல் என்று மலையாளத்தில் சொல்லும் செம்பாறைக் கல். பூமிக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டும் அளவுக்கு மிருதுவாக இருக்கும், வெட்டி எடுத்துக் காற்றுப் பட்டதும் இறுகிவிடும். மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. வேம்பநாட்டுக் காயலில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. கூரை செங்குத்தாக இறங்கி, இறவாணம் சுவரைத் தாண்டி வெளியே நீளும். கொச்சியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை. திருநெல்வேலிச் சீமையில் பெய்வதைப்போல் பல மடங்கு. தட்டோட்டு மாடி இங்கே ஆகாது. அழகுக்காகச் சாய்த்த கூரை அல்ல அது, மழை சாய்க்க வைத்த கூரை.

கோதிக் கூர்வளைவு கொச்சியில் இல்லாமல் இல்லை. கோட்டைக் கொச்சியில் 1905 இல் அர்ப்பணிக்கப்பட்ட சாந்தா குரூஸ் பேராலயத்தில் பார்க்கலாம். அது மாதா கோயிலோடு நின்றுவிட்டது. குடியிருக்கும் வீட்டின் சாயலைத் தீர்மானித்தது இங்கே பிரபுவின் மோகம் அல்ல. மழையும் கல்லும் சுண்ணாம்பும் இடநெருக்கடியும்தான். மருமகனுக்கு இதை எழுதியபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நான் செய்த தவறு

பெருமை அதோடு சரி. இனி வருவது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

என் தகப்பனார் 1958 இல் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுப் பண்டகசாலைக்குக் கணக்கெழுத வந்தவர். 1971 இல், பக்கத்துச் சந்து ஒன்றில் மூன்று வீடுகள் சேர்ந்த வரிசையில் நடு வீட்டை வாங்கினார். யூதத் தெரு வீடுகளைப் போலவே செம்பாறைக் கல், சுண்ணாம்பு, ஓட்டுக் கூரை. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். அப்பா இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார். கீழே ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலே வெள்ளையடித்தால் அடுத்த வருஷம் வரை தாங்கும்.

அப்பா 1993 இல் காலமானார். அடுத்த வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் வீட்டைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவேசம். ஓதம் ஏறிய பூச்சையெல்லாம் உடைத்து எடுத்துவிட்டுக் கீழிருந்து ஆளுயரத்துக்கு சிமெண்ட் பூசச் சொன்னேன். வயதான கொத்தனார் ஒருவர், "வேண்டாம் சாரே, சுவருக்கு மூச்சு முட்டும்" என்றார். நான் சிரித்தேன். சுவருக்கு ஏது மூச்சு? எண்ணெய்ப் பெயிண்டும் அடித்தேன். கல்யாணப் படங்களில் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

மூன்றாவது மழைக்காலத்தில் ஓதம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறியது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்றது, இப்போது தலைக்கு மேல். பெயிண்ட் கொப்பளித்து உரிந்தது. நான் மறுபடி சிமெண்ட் பூசினேன். இப்படி இருபத்தைந்து வருஷத்தில் நான்கு தடவை. கடைசியில் மாடி உத்திரத்தின் சுவருக்குள் இருந்த முனை இற்றுப்போயிற்று. அதைவிட வருத்தம், பொதுச் சுவர் ஆதலால் பக்கத்து வீட்டு அறையிலும் ஓதம் இறங்கியது. அங்கே ஒரு கொங்கணிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் என் மனைவியிடம், "உங்கள் வீட்டு வியாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது" என்று சொன்னாராம். சண்டையாகச் சொல்லவில்லை. சொன்னது உண்மை என்பதால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2022 இல் பழைய கட்டட வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியைத் தேடிப் பிடித்தேன். அவர் விளக்கிய பிறகுதான் கொத்தனார் சொன்ன மூச்சு என்னவென்று புரிந்தது. செம்பாறைக் கல் கடற்பஞ்சு மாதிரி. மட்டாஞ்சேரியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், அதிலும் உப்பு. கல் அதைக் கீழிருந்து உறிஞ்சுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் உறிஞ்சிய ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும், உப்பு மட்டும் வெளியே பூக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத ஈரம், வழி கிடைக்கும் உயரம் வரை சுவருக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். அப்பா வருஷா வருஷம் துடைத்துத் தள்ளிய உப்பு வீட்டின் குறை அல்ல. வீடு நோயை வெளியே தள்ளிய அடையாளம்.

பாஸ்கா பண்டிகைக்கு முன் வீடு முழுவதையும் சுத்தம் செய்து வெள்ளையடிப்பது கொச்சி யூதர்களின் வழக்கம். நமக்குப் பொங்கல், அவர்களுக்குப் பாஸ்கா. சாஸ்திரம் வேறு வேறு, சுவர் ஒன்றுதான். பண்டிகையின் பெயரால் பெரியவர்கள் சுவருக்கு வைத்தியம் செய்து வந்திருக்கிறார்கள். படித்த நான் அதை நிறுத்தினேன்.

சிமெண்டை உளியால் கொத்தி எடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. அதோடு கல்லின் மேல்தோலும் பெயர்ந்து வந்தது. சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் விட்டு அரைத்துப் பூசினார்கள். சிமெண்டைவிடச் செலவு அதிகம், பொறுமை அதைவிட அதிகம். இப்போது மழைக்காலத்தில் சுவர் கறுக்கிறது, வெயிலில் வெளுக்கிறது. பக்கத்து வீட்டு அறையும் காய்ந்துவிட்டது.

ஆட்கள் போன பின்

யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 1968 இல் ஜெப ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வெளியிட்டார்கள். ஆனால் தெரு அப்போதே காலியாகத் தொடங்கியிருந்தது. யூதத் தெருவில் கைத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் அம்மையார் 2019 ஆகஸ்டில் தம் 96 ஆம் வயதில் காலமானார். இன்று பரதேசி யூதர் என்று சொல்ல ஒரு கை விரல்கள்கூடத் தேவைப்படாது. வீடுகளில் கீழ்த்தளம் எல்லாம் பழம்பொருள் கடைகள், கம்பளக் கடைகள். கதவும் ஜன்னலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குக் கடை அடைத்த பின் மேல்மாடியில் விளக்கு எரிவதுதான் அபூர்வம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் மூன்று வீடுகளையும் சேர்த்து வாங்கி, நடுச் சுவர்களை எடுத்துவிட்டு விடுதி கட்ட ஒருவர் வந்தார். நல்ல விலை. கொங்கணிக் குடும்பத்தார், "நீங்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்க வேண்டியதுதான், நடு வீடு போனால் எங்கள் உத்திரம் எதன்மேல் நிற்கும்?" என்றார்கள். சென்னையிலிருக்கும் தம்பி, "அண்ணா, நமக்குப் பிறகு யார் அங்கே இருக்கப் போகிறார்கள்? கொடுத்துவிடுவோம்" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். திரும்பி வருவாள் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்ய முடியாது.

தம்பி நேரில் வந்தான். சண்டை போடத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். காப்பி குடித்துவிட்டு, கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். "அப்பா இருந்தபோது இப்படித்தான் சில்லென்று இருக்கும்" என்றான். அப்புறம், "உங்கள் காலம் வரை இருக்கட்டும் அண்ணா. பிறகு பார்த்துக்கொள்வோம்" என்றான். எனக்கு அது போதும். எந்த வீட்டுக்கும் கிடைப்பது யாரோ ஒருவருடைய காலம் வரைதான். அந்தக் காலத்துக்குள் அதைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தால் சரி. யூதர் விட்டுப் போன சுவரில் இன்று காஷ்மீரத்து வியாபாரி கம்பளம் தொங்கவிடுகிறார். சுவர் தாங்குகிறது.

வாசகர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். மட்டாஞ்சேரியிலோ சொந்த ஊரிலோ சுண்ணாம்பில் கட்டிய வீடு வைத்திருப்பவர்கள், நல்ல நாள் வருகிறது என்று சிமெண்ட் பூசிவிடாதீர்கள். வருஷம் ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். இரண்டாவது, நம் சங்கத்தார் குழந்தைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை யூதத் தெருவுக்கு அழைத்து வரலாம். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது, ஆகவே ஞாயிறு தோதான நாள். கடைகளைப் பார்த்தது போதும், தலையைத் தூக்கி மாடி ஜன்னல்களைப் பாருங்கள். நட்சத்திரம் எத்தனை என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள்.

எண்ணி முடித்துக் களைத்தால் எங்கள் வீடு ஐந்து நிமிடத் தூரம்தான். மோர் தயாராக இருக்கும். சுவரையும் தொட்டுப் பார்க்கலாம்.